இப்பத்தான் நிம்மதி

"ஏழாயிரத்து நானூறு பூ! அப்புறம் போன் எப்படிக்கா ஓடும்?" புத்சபா சிரித்தாள்.

தாய்லாந்தின் லம்பாங் ஊர்ச் சந்தை முனையில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள் அவள். எதிரே நின்ற லம்துவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அது அவள் கணவர் விச்சியனின் போன்.

"ரொம்ப மெதுவா இருக்கு, சரி பண்ணிட்டு வா. ஆனா பூப்படம் ஒண்ணுகூட அழியக் கூடாது" என்று மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மூன்றாவது முறைதான் லம்துவனை உறுத்தியது.

காலை வணக்கத்துக்குப் பூப்படம் அனுப்பாத ஆள் அந்த ஊரில் கிடையாது. திங்களுக்கு மஞ்சள், செவ்வாய்க்கு இளஞ்சிவப்பு, வெள்ளிக்கு நீலம் என்று கிழமையின் நிறம் பார்த்துத்தான் அனுப்புவார்கள். வந்ததைப் பார்த்துவிட்டு அழித்துவிடுவார்கள். சேர்த்துவைத்துக் கட்டிக்காக்கிற ஆளை லம்துவன் இப்போதுதான் பார்க்கிறாள்.

"சரி, எல்லாத்தையும் மெமரி கார்டுக்கு மாத்திடறேன். இனிமே வர்ற படம் தானா இறங்காம இந்தப் பொத்தானையும் அணைச்சிடலாம். உங்க போன்ல இந்தத் தொல்லையே இல்லையேக்கா?"

"பூ அனுப்புற அத்தனை பேரையும் சத்தம் வராம பண்ணி வெச்சிருக்கேன். போன வருஷம் நீதானே சொல்லிக் குடுத்தே? அவங்களுக்கும் தெரியாது, நமக்கும் நிம்மதி."

பேசிக்கொண்டே லம்துவன் எட்டிப் பார்த்தாள். மாலி என்று ஒரு பெயர். தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு பூ. அடுத்த நிமிடமே விச்சியனின் பதில்: 'பார்த்துட்டேன். இப்பத்தான் நிம்மதி.'

அறுபத்திரண்டு வயதில் இந்த மனுஷனுக்கு என்ன நிம்மதி வேண்டிக் கிடக்கிறது?

"யாருக்கா இந்த மாலி?"

"அதான் எனக்கும் தெரியணும்."

"முகத்தைக் காட்டாம ஆர்க்கிட் பூவை வெச்சிருக்காங்க பாருங்க. இந்த மாதிரி ஆளுங்களை நம்பவே கூடாதுக்கா." எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினாள் புத்சபா.

வீட்டுக்கு வந்து லம்துவன் போனைக் கணவரிடம் கொடுத்தாள். கையும் களவுமாகப் பிடித்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விச்சியன் கஞ்சி குடித்துக்கொண்டே போனைப் பார்ப்பதும், சின்ன நோட்டில் டிக் அடிப்பதுமாக இருந்தார். ஐந்தே முக்காலுக்குப் போன் சிணுங்கியது. பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. கரண்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"வந்து சொல்றேன்."

அலமாரியிலிருந்த சர்பத் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்தார். சர்பத் வேறயா!

பதற்றத்தில் போனை மேஜையிலேயே விட்டுவிட்டார். திரையில் மாலி அனுப்பிய மஞ்சள் தாமரை. செவ்வாய்க்கிழமையில் மஞ்சளா? சந்தேகமே இல்லை, 'உடனே வா' என்பதற்குச் சங்கேதம்தான்.

தெருமுனையில் பைக் டாக்சியில் ஏறினாள்.

"அந்த ஸ்கூட்டர் பின்னாடியே போ."

"அட, நம்ம விச்சியன் அண்ணன்! என்னக்கா விஷயம்?"

"போறியா, கதை கேக்கிறியா?"

வாய்க்கால் ஓரத்தில் ஒரு சின்ன வீடு. வாசலில் ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. கதவுத் தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்கியது. வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவுகளோடு உள்ளே நுழைந்தாள் லம்துவன்.

தரையில் எண்பது வயது மதிக்கத்தக்க அம்மாள். உடம்பெல்லாம் வியர்வை, கண்கள் பாதி சொருகியிருந்தன. அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, விச்சியன் சொட்டுச் சொட்டாகச் சர்பத் புகட்டிக்கொண்டிருந்தார்.

"முழுங்குங்க டீச்சர்... அப்படித்தான்." நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "வந்துட்டியா? டீச்சர் போன்லேர்ந்து ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. அந்த விசிறியை எடு."

லம்துவன் விசிறினாள்.

ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ், "சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா பிழைச்சிருக்க மாட்டாங்க" என்றாள்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" லம்துவனின் குரல் இறங்கியிருந்தது.

"மாலி டீச்சர் கிழமை மாத்தி அனுப்பினதே இல்லை. சர்க்கரை இறங்கினா புத்தி தடுமாறும்னு அவங்களே சொல்லியிருக்காங்க. இந்த மாதிரி தனியா இருக்கிறவங்க பதினேழு பேர் லம்துவன். காலையில பூ வந்துட்டா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். வரலேன்னாலோ, வழக்கம் மாறினாலோ நான் போய்ப் பார்ப்பேன். பழசு இருந்தாத்தானே வித்தியாசம் தெரியும்?"

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

விச்சியன் தயங்கினார். "உன் அக்கா அம்பா போனப்ப, ரெண்டு நாள் கழிச்சுத்தானே நமக்கே தெரிஞ்சுது? அதுக்கப்புறம் ஆரம்பிச்சது. உன்கிட்ட அந்தப் பேச்சை எடுக்க மனசு வரலை."

டீச்சரோடு அவரும் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார்.

லம்துவன் படியில் உட்கார்ந்து தன் போனை எடுத்தாள். சத்தம் வராமல் செய்துவைத்த பெயர்களுக்கு நடுவே அக்காவின் பெயரும் இருந்தது. அக்கா போன பிறகு அதைத் தொட அவளுக்குத் துணிவு வந்ததில்லை. இன்று முதல்முறையாகத் திறந்தாள்.

கடைசியாக வந்த படம் பழையது, சரியாகத் திறக்கவில்லை. ஆனாலும் மங்கலாக நிறம் மட்டும் தெரிந்தது.

அன்று அவளும் விச்சியனும் போய் அக்கா வீட்டுக் கதவை உடைத்தது ஞாயிற்றுக்கிழமை. அக்காவின் கடைசிப் பூ வந்திருந்தது வெள்ளிக்கிழமை காலை.

மஞ்சள்.