ஊசிக்கு முன்னால் சில கேள்விகள்

தோள் இறுகிப்போய் மனைவியோடு வந்த பெரியவர், டாக்டர் கையிலிருந்த ஊசியைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இது ஸ்டீராய்டுதானே தம்பி? எனக்குச் சர்க்கரை இருக்கான்னு கேட்டியா?"

"டெஸ்ட் பண்ணியாச்சு ஐயா, இல்லை."

"போன ஊசி எப்போன்னு கேக்கலையே? அடிக்கடி போட்டா எலும்பு போயிடும்ல?"

"இதுதான் முதல் ஊசின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"காய்ச்சல், புண்ணு ஏதாவது இருக்கான்னு பாரு. சும்மா குத்திடாதே. இந்தக் கையை நம்பித்தான் என் பொழப்பே இருக்கு."

டாக்டர் சிரித்தார். "இவ்வளவு விவரம் தெரியுதே, என்ன தொழில் பண்றீங்க?"

மனைவி முந்திக்கொண்டு சொன்னாள்.

"எங்க தெருவுல ஊசி போடுறவரே இவருதான். சளி, அரிப்பு, மூட்டுவலி, எது வந்தாலும் இதே ஊசிதான். இதுவரைக்கும் யாரையும் ஒரு கேள்வி கேட்டதில்லை."