தண்ணீரில் ஆடிய பாட்டு

"'வீடியோ அருமை. பாட்டை மட்டும் அணைத்துவிட்டுப் பார்க்கவும்.' ஒன்பதாயிரம் பேர் இதுக்கு லைக் போட்டிருக்காங்க," என்றார் என் வீட்டுக்காரர், போனில் கமெண்டைப் பார்த்தபடி.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் சொன்னாரா, சுவரிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

பாட்டு அவருடையது. இரண்டு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, டும் டும் என்று அவரே செய்த நடனப் பாட்டு. அதற்கு வீடியோ எடுத்துக் கொடுத்தவள் நான்.

நீச்சல் குளத்துக்கு உடற்பயிற்சி செய்ய வரும் பதினாறு பெண்களை வைத்து எடுத்தேன். எல்லாருக்கும் அறுபதுக்கு மேல். எல்லார் தலையிலும் ரப்பர் தொப்பி. முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு கிடையாது. ஒரே நேரத்தில் காலைத் தூக்குவார்கள், ஒரே நேரத்தில் இறக்குவார்கள். அவ்வளவுதான் வீடியோ.

ஊரே பார்த்துவிட்டது. மூன்றாவது வரிசை நீலத் தொப்பி அக்காவுக்கு ரசிகர் மன்றம்கூட வந்துவிட்டது. பாட்டைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. விட்ட ஒன்றிரண்டு பேரும் விடாமலே இருந்திருக்கலாம்.

பதினொரு நாளாக அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் உப்பைப் பார்த்துக் கேட்டார். எனக்கு அதுகூடப் பெரிதில்லை. இசையையே ஏறக்கட்டிவிடுவாரோ என்றுதான் பயம்.

போனை என் பக்கம் திருப்பினார்.

"இந்தக் காலெல்லாம் என் பாட்டுக்கு ஆடல. என்னோடது நிமிஷத்துக்கு நூத்தி இருபத்தெட்டு தட்டு. இவங்க தொண்ணூறுல போறாங்க. உண்மையச் சொல்லு, யாரு பாட்டு அது?"

வேறொரு ஆளோடு பிடிபட்டவள் மாதிரி எனக்கு வியர்த்துவிட்டது.

முதலில் அவர் பாட்டைத்தான் போட்டேன். தண்ணீருக்குள் அந்த வேகத்துக்கு ஒரு காலும் எழும்பவில்லை. இரண்டு பேருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் என் போனில் கிடந்த ஒரு பழைய பாட்டைப் போட்டேன். பதினாறு காலும் அலுங்காமல் எழும்பின. பிறகு எடிட்டிங்கில் அதை எடுத்துவிட்டு இவருடையதை ஒட்டினேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தது என் புத்திகெட்டதனம்.

அந்தப் பாட்டைத் தேடி எடுத்து, இயர்போனை அவர் காதில் வைத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாதியில் அவர் கால் தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கியது. முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். பதினொரு நாள் கழித்து அந்த முகம் இப்போதுதான் தெளிந்தது.

"யப்பா! என்னமா போட்டிருக்கான். நானெல்லாம் இவன்கிட்ட பிச்சை வாங்கணும். யாருடி இது?"

கல்யாணமான முதல் வருடம், நான் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மத்தியானம், இரவல் கீபோர்டில் எனக்காக அவரே வாசித்தது. போனில் பதிந்து வைத்திருந்தேன். கவனித்துக் கேட்டால் நடுவில் நான் இருமுவதுகூடக் கேட்கும்.

"இப்பல்லாம் அவர் பாட்டு போடுறதில்லைங்க," என்றேன்.

"அடப்பாவமே," என்று உச்சுக்கொட்டிவிட்டு, மூன்றாவது தடவை கேட்க ஆரம்பித்தார்.