மண்ணுக்கு ஒண்ணு

"எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க! நான் சொன்னப்ப ஒருத்தராவது நம்புனீங்களா?"

முருங்கை மரத்தடியில் தோண்டி எடுத்த கலயத்தை அம்பிகா தரையில் போட்டு உடைத்தாள். உள்ளேயிருந்து சுருட்டின காகிதம் ஒன்று உருண்டு வந்தது. பிரித்தால், மேலிருந்து கீழாகப் பூச்சி பூச்சியாய் ஏதோ எழுத்து.

பூலாம்பாடியில் அந்தத் தெருவே கொல்லைப்பக்கம் கூடிவிட்டது. செய்வினை என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், அடுப்பில் சோறு தீய்ந்தாலும் வந்து நிற்பார்கள்.

"யாரு வேலை இது?" என்றான் அவள் தம்பி ராசாங்கம். கேட்டதென்னவோ பொதுவாகத்தான். கண் மட்டும் பெண்டாட்டி மேல் போய் நின்றது.

வெற்றிச்செல்விக்கு முகம் வெளுத்துப்போனது. "நான்தாங்க பொதைச்சேன். ஆனா அண்ணி நெனைக்கிற மாதிரி இல்ல."

"வேற எந்த மாதிரிடி? பச்சைமலைக்கு ஒத்தையாப் போய்ட்டு வந்த. ஏரியில எதையோ விட்ட. இங்க முருங்க மரத்தடியில பொதைச்சிருக்க. அதுக்கப்புறம்தான எங்கம்மாவுக்குப் பேச்சும் நின்னுபோச்சு!"

அம்மா செங்கமலம் கை கால் விழுந்து படுத்ததும், அரியலூரில் குடும்பத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தவள் அம்பிகா.

"வந்த நாள்லேருந்து பாக்கறேன். இவ பாலக் குடுத்தா அம்மா குடிக்குது. பெத்த மவ நான் குடுத்தா வாய இறுக்கி மூடிக்குது. வசியம் பண்ணி வெச்சிருக்கா பாவி!"

வெற்றிச்செல்வி திருச்சியில் ஒரு காலேஜில் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தவள். சீனாவில் தாவோ மதம் முளைவிட்ட காலத்தைப் பற்றி. அதற்காகச் சீன எழுத்தெல்லாம் கற்றுக்கொண்டாள். மாமியார் படுத்ததும் அத்தனையையும் மூட்டை கட்டிவிட்டு வந்து பீ மூத்திரம் அள்ளியவளும் அவள்தான். அதெல்லாம் இப்போது யாருக்கு ஞாபகம் வரப்போகிறது?

"அண்ணி, அந்தக் காலத்துல அங்க ஒரு வழக்கம். சீக்கு வந்தவங்க, தான் செஞ்ச தப்பச் சொல்லி மூணு காகிதத்துல எழுதுவாங்க. வானத்துக்குன்னு மலையில ஒண்ணு, மண்ணுக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு. வானமும் மண்ணும் தண்ணியும் மன்னிச்சா சீக்கு விட்டுடும்னு நம்பிக்கை. அத்தைகிட்ட சும்மா கதையாத்தான் சொன்னேன். எனக்கும் எழுதிக் குடு தாயி, யாருக்கும் புரியாத அந்த எழுத்துலயே எழுதுன்னாங்க. மனசு ஆறட்டுமேன்னு எழுதினேன். அப்ப அவங்களுக்குப் பேச்சு இருந்துச்சு."

"எங்கம்மா என்னடி தப்புப் பண்ணிச்சு? வாயில்லாப் பூச்சி மேல பழியா போடற? படிடி அத!"

வெற்றிச்செல்வி எச்சில் விழுங்கினாள். "பெரிசா ஒண்ணுமில்ல அண்ணி. சின்ன வயசுல கோழிமுட்டை திருடுனது, அந்த மாதிரி..."

"பொய்யி! மூஞ்சிலயே தெரியுதே!"

"அக்கா, செத்த சும்மா இரு," என்றான் ராசாங்கம். "எந்த எழுத்தா இருந்தா என்ன? செல்லுல போட்டோ புடிச்சாத் தமிழ்ல சொல்லிடும். எம்பொண்டாட்டி பேர்ல தப்பில்லன்னு இப்பவே காட்டறேன்."

பாவம், அவளைக் காப்பாற்றத்தான் அவன் செல்லை எடுத்தான்.

வெற்றிச்செல்வி பாய்ந்து வந்து காகிதத்தைப் பிடுங்கினாள். பக்கத்தில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் திணித்துவிட்டாள்.

"ஐயையோ! பாத்தீங்களா! பாத்தீங்களா!" அம்பிகா தலையில் அடித்துக்கொண்டாள்.

ராசாங்கத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. "என்னடி பண்ணுன? அப்ப... அக்கா சொன்னது நெசந்தானா?"

காகிதம் முழுசாய் எரிந்து அடங்கும்வரை அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க. செய்வினைதான். நான்தான் வெச்சேன். இனிமே அதக் கெளறாதீங்க."

யாரோ காறித் துப்பினார்கள். ராசாங்கம் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"எங்கம்மா உசுரு இருக்கற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்காத," என்றாள் அம்பிகா.

ஒரு பையில் நாலு புடவை. கல்லங்குறிச்சியில் அம்மா வீடு. வேறு போக்கிடம் ஏது? போகிற போக்கில் உள்ளே நுழைந்து மாமியாரின் காதருகே குனிந்தாள்.

"அத்தை, இனிமே அண்ணி கையால குடிங்க. எனக்காகக் குடிங்க."

செங்கமலத்துக்கு உதடு மட்டும் கோணிக் கோணி அசைந்தது. வார்த்தை வரவில்லை. கண் ரெண்டிலும் தண்ணீர் கொட்டியது.

வெற்றிச்செல்வி தெருமுனை திரும்பினதும் அம்பிகா பாலை ஆற்றி எடுத்து வந்தாள். அம்மாவின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஒரு வாய் குடிம்மா."

செங்கமலம் வாயைத் திறந்தாள். பால் இறங்கியது. அழுதபடியே குடித்தாள்.

அம்பிகாவுக்குச் சந்தோஷத்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எல்லாரும் பாருங்க! அந்தச் சனியன் வாசப்படி தாண்டினதும் எங்கம்மா எங்கையால பால் குடிக்குது!"

தெருவே ஆமாம் ஆமாம் என்றது.

கொல்லையில் சாம்பலாகிப்போன காகிதத்தில், செங்கமலம் சொல்லச் சொல்ல வெற்றிச்செல்வி எழுதியிருந்தது இதுதான்:

'தலைச்சன் பொட்டப்புள்ளயாப் போச்சேன்னு எம்மவ அம்பிகாவுக்குப் பால் குடுக்காம, சாவட்டும்னு மூலையில போட்டேன் சாமி. பக்கத்து வூட்டுக்காரி தூக்கிட்டுப் போயித்தான் பொழைக்க வெச்சா. அவ கையால ஒரு வாய்ப் பால் குடிக்க எனக்கு என்ன யோக்கியத இருக்கு?'