ஒன்றும் ஆகவில்லை

"டாக்டர், எதையாவது எழுதிக் குடுங்க. பச்சத் தண்ணிகூட வயித்துல தங்கமாட்டேங்குது," என்றான் கணவன்.

அவன் மனைவி மேஜை விளிம்பில் நெற்றியை வைத்துச் சாய்ந்து கிடந்தாள். மூன்றாவது மாதம். போன தடவை இதே மூன்றாவது மாதத்தில்தான் கலைந்துபோனது.

வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைகள் கேட்கவில்லை. மிச்சம் இருப்பது அந்தப் புது மாத்திரைதான். வாந்தியைச் சட்டென்று நிறுத்திவிடும். வயிற்றில் இருப்பதை என்ன செய்யும்? டாக்டரம்மாவுக்கு அது தெரிய வேண்டும், அதுவும் இப்போதே.

அலமாரியில் இருந்த தடித்த புத்தகம் இந்த மாத்திரை வருவதற்கு முன்னால் அச்சானது. மருந்துக் கம்பெனிக்காரர் வைத்துவிட்டுப் போன வழவழப்பான அட்டையில் ஒரு தாயும் குழந்தையும் சிரித்தார்கள். சிரிப்பைத் தவிர அதில் ஒரு மண்ணும் இல்லை.

டாக்டரம்மாவே முன்பு ஒருத்திக்கு அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒருத்தியை நம்பி இன்னொருத்தி பிள்ளையோடு விளையாட முடியுமா?

கூடப் படித்த தோழிக்குச் செய்தி அனுப்பினாள். உடனே பதில் வந்தது: 'தாராளமா குடு. நம்ம சீனியரே குடுக்கிறார்.'

அப்பாடா. சீனியர் என்றால் சும்மாவா? இங்கே பாதி டாக்டர்கள் அவர் வாயைப் பார்த்துத்தான் பேனாவையே திறப்பார்கள்.

அவளும் திறந்தாள். மாத்திரைப் பெயரின் முதல் எழுத்தை எழுதினாள்.

மேஜையில் கிடந்த தலையைப் பார்த்ததும் கை நின்றது. எதற்கும் அவரையே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். போனை எடுத்தாள்.

"பயப்படாம குடும்மா. போன மாசத்துலேருந்து நான் எல்லாருக்கும் அதைத்தான் எழுதுறேன்," என்றார் சீனியர்.

"எதுல சார் படிச்சீங்க?"

"படிக்கிறதுக்கெல்லாம் எங்கம்மா நேரம்? அன்னிக்கு நம்ம டாக்டர்கள் கூட்டத்துல இதே கேள்வி வந்துச்சே. கடைசி வரிசையிலேருந்து ஒரு பொண்ணு மைக்கை வாங்கி, 'நான் குடுத்திருக்கேன், ஒண்ணும் ஆகலை'ன்னு அடிச்சுச் சொல்லிச்சு. யாருன்னு தெரியலை. கெட்டிக்காரப் பொண்ணு."

டாக்டரம்மா போனை வைத்தாள்.

தாமதமாகப் போனதால் அன்றைக்கு அவளுக்குக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. நாலு பேர் முன்னால் தானும் ஏதாவது பேச வேண்டும் என்ற ஆசையில் மைக்கை வாங்கிவிட்டாள். கைதட்டினார்கள்கூட.

வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. எழுதிய தாளைக் கிழித்துப் போட்டாள்.

"இப்ப மாத்திரை வேணாம். அட்மிட் பண்ணி டிரிப்ஸ் ஏத்தலாம், பயப்படாதீங்க."

நர்ஸ் வந்து அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். கணவன் பின்னாலேயே ஓடினான்.

கதவு சாத்தியதும் டாக்டரம்மா அந்தப் பழைய பேஷன்ட்டின் நம்பரைத் தேடி எடுத்து அழுத்தினாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

மாத்திரையை வாங்கிக்கொண்டு போனவள் அதற்குப் பிறகு ஒருமுறைகூட வரவில்லை.

அதைத்தான் அன்றைக்கு மைக்கில் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லியிருந்தாள்.