நீலம்தான் எடுப்பா இருக்கும்

"டேங்குல இடது பக்கம் ஒடுக்கு விழுந்திருக்குமே தம்பி, அதை அடைக்கப் பட்டி வாங்கலையா?" என்றார் பெயிண்ட் கடைக்காரர்.

ஸ்பிரே டப்பாவைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த நெட்டை, ஆமாம், அதையும் கொடுங்கள் என்று தலையாட்டினான். எந்த வண்டி என்று சொன்னதுமே அதன் குறையையும் சொல்லிவிடுகிறாரே, மனுஷன் பழம் தின்று கொட்டை போட்டவர் என்று நினைத்துக்கொண்டான்.

அவனோ வாழ்க்கையில் ஒரு சுவருக்குக்கூடச் சுண்ணாம்பு அடித்தவனில்லை. சாயங்காலம் வண்டியைப் பார்க்க ஓர் ஆள் வருகிறார். டேங்க் புதுசுபோல மின்னினால் கையோடு வாங்கிக்கொள்வார், இல்லையென்றால் வேறு வண்டி பார்க்கப் போய்விடுவார். சிவப்பு டேங்கைக் கறுப்பாக்க வேண்டும், அவ்வளவுதான். இதையெல்லாம் கடகடவென்று கடைக்காரரிடம் ஒப்பித்தான்.

கேட்டவருக்கு அவனைவிட உற்சாகம். வீட்டு வாசலில் வைத்து அடித்தால் தூசி ஒட்டும், கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை சும்மாதான் கிடக்கிறது, வண்டியை இங்கேயே உருட்டிக்கொண்டு வா, கழற்றி அடித்து மாட்டிக்கொண்டே போகலாம் என்றார். கறுப்பு மட்டும் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"நீலம் அடி. இந்த வண்டிக்கு நீலம்தான் எடுப்பா இருக்கும்."

முன்பின் தெரியாதவனுக்கு யார் இவ்வளவு செய்வார்கள்? நெட்டைக்குத் தலைகால் புரியவில்லை. பெயிண்டுக்கும் பட்டிக்கும் பேரம் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு ஓடினான். சந்து பொந்தெல்லாம் சுற்றி, வேர்க்க விறுவிறுக்க வண்டியை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

இருவருமாக டேங்கைக் கழற்றி, மிச்சப் பெட்ரோலை வடித்து, ஸ்டூல் மேல் வைத்தார்கள். மூடியையும் எடுத்துவிடலாம், சாவி எங்கே என்று கேட்டார் கடைக்காரர். தொலைந்துவிட்டது என்றான் நெட்டை. அதனாலென்ன என்று, மூடியின் மேல் பெயிண்ட் படாதபடி அவரே டேப் ஒட்டிக்கொடுத்தார்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒடுக்கில் பட்டி பூசி, அது காய்ந்ததும் மறுபடியும் தேய்த்து, ஒருவழியாக நெட்டை டப்பாவைக் கையில் எடுத்தான். எடுத்த வேகத்தில் ஒரே இடத்தில் பிடித்து அமுக்கிவிட்டான். நீலம் கோடு கோடாக வழிந்தது. போகட்டும், இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்றான்.

"என் வண்டியா இருந்தா இப்படி விடுவேனா? காயட்டும். தேய்ச்சுட்டுத் திரும்ப அடி. ஒரு சாண் தள்ளிப் பிடி. கை ஒரு இடத்துல நிக்கக் கூடாது, போய்க்கிட்டே இருக்கணும்."

இந்த முறை கை படிந்தது. மெல்லிசாக ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொன்று, கடைசியில் பளபளப்புக்கு வார்னிஷ். டேங்கில் தன் முகமே தெரிவதைப் பார்த்ததும் நெட்டைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இத்தனை வயதுக்கு அவன் உருப்படியாகச் செய்து முடித்த முதல் வேலை அது. இதை விற்கத்தான் வேண்டுமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

வெயில் இறங்கும் நேரத்தில் டேங்கை வண்டியில் மாட்டினார்கள். கடைக்காரர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். வரும்போதே எதிர்க்கடையில் நாலு டீ சொன்னார்.

"நாம ரெண்டு பேருதானே இருக்கோம், எதுக்குண்ணே நாலு?"

கடைக்காரர் நகம்கூடப் படாமல் மூடியின் மேலிருந்த டேப்பை உரித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மூடியில் செருகித் திருப்பினார். மூடி சட்டென்று திறந்துகொண்டது.

"நீலம் அடிக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை தம்பி, நேரந்தான் அமையல. டீயைக் குடி, ஸ்டேஷன்லேர்ந்து கிளம்பிட்டாங்களாம்."