ஷீ இஸ் செல்லக்கனி

"இந்த வீடியோவுல கேக்குறது ரோஜா குரலேதான். எங்க வேணாலும் வந்து சத்தியம் பண்ணுவேன்" என்று காளிராஜ் போனை மேசைமேல் ஓங்கி வைத்தார்.

எட்டாம் வகுப்பின் முதல் பெஞ்சில் ரோஜா எழுந்து நின்றாள். "நான் எடுக்கல சார்" என்றாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

காளிராஜ் பட்டாசுக் கம்பெனி போர்மேன். ரோஜாவின் அம்மா செல்லக்கனி அவரிடம்தான் வேலை பார்க்கிறார். அந்தப் பள்ளிக்குள் காளிராஜ் கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

"என்ன டீச்சர், இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கீகளா, இல்ல வேவு பாக்கச் சொல்லிக் குடுக்கீகளா?"

ஆங்கில ஆசிரியை அருணாதேவி சாக்பீஸைக் கீழே வைத்தார். எழுந்து நின்று பேச நடுங்கும் பிள்ளைகளுக்காக அவர் யோசித்துக் கண்ட வழி இந்த வீடியோ. தெரிந்தவர்களைப் பற்றி இங்கிலீஷில் பேசி வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். முகம் காட்ட வேண்டாம், குரல் போதும். யார் பேசியது என்று யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுத்திருந்தார்.

வந்தவற்றில் ஒன்று, வருடம் முழுக்க வாயே திறக்காத ஒரு பிள்ளையுடையது. அந்தச் சந்தோஷத்தில் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டுவிட்டார். குரலை மட்டுமே கேட்டார். குரலுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்க்கவில்லை.

காளிராஜ் வீடியோவை மறுபடி ஓடவிட்டார். ஜன்னலுக்கு வெளியே நின்று எடுத்த படம். குசுகுசுவென்று ஒரு குரல். "ஷீ இஸ் செல்லக்கனி. ஷீ இஸ் சோலையம்மாள். ஷீ இஸ்..."

முகம் முகமாகப் படம் நகர்ந்தது. பெயர்கள் முடிகிற பாடில்லை. அவர்கள் தலைக்கு மேல் சுவரில் சிவப்பு எழுத்து: இந்த அறையில் நான்கு பேர் மட்டும்.

"சீசன்னு நேத்து ஞாயித்துக்கிழமையும் வேலை வச்சோம். மத்தியானம் எடுத்த வீடியோ, ராத்திரிக்குள்ள முதலாளி வரைக்கும் போயிருச்சு. ஆபீசர் வந்து ரூமுக்குச் சீல் வச்சா யாரு பதில் சொல்லுறது?"

"வெடிமருந்து ரூம்ல இத்தனை பேரை அடைச்சு வச்சிருக்கீங்களே, வெடிச்சா யார் பதில் சொல்றது?" அருணாதேவியின் குரல் முதன்முறையாக உயர்ந்தது.

"அது கம்பெனி விசயம். நீங்க உங்க போர்டைப் பாருங்க." காளிராஜ் ரோஜாவின் பக்கம் திரும்பினார். "கம்பெனி கேட்டுலயே நின்னு எல்லார் போனையும் வாங்கிப் பொட்டியில போட்டுப் பூட்டுறவன் நான். ஒரு பொறி பறந்தா அம்புட்டுப் பேரும் காலி. ஒங்கம்மாளும் நீயும் சேந்து எங்கிட்டயே வேலையக் காட்டுறீகளோ?"

மேசையில் இருந்த போன் அடித்தது. எடுத்துக் கத்தினார். "ஏலே மாரிக்கண்ணா, நேத்து போன் போட்டேன்னு பொய் சொல்லாத. மத்தியானம் மருந்து ரூம் வாசல்ல உக்காந்து வீட்டுல இருந்து வந்த சோத்தத்தான சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். நீ கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா?" துண்டித்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சார், ரோஜா எடுத்திருந்தா செல்லக்கனியை மை மதர்னு சொல்லியிருப்பா" என்றார் அருணாதேவி. "இதுல எல்லாரையும் பேர் சொல்லித்தான் வருது."

"மதராவது மண்ணாவது. நாளைக்குச் செல்லக்கனி தெருவுக்குக் கம்பெனி வேன் வராது. சிவகாசி சுத்துவட்டாரத்துல ஒரு கம்பெனிக்காரன் அவளச் சேக்க மாட்டான். இவ இல்லைன்னா யாருன்னு பேரைச் சொல்லுங்க."

அருணாதேவிக்குப் பெயர் தெரியும். சொன்னால் வாக்குப் போகும். அந்தப் பிள்ளை வீட்டிலும் யாரோ அதே கம்பெனியில்தான் இருக்க வேண்டும், அந்த வேலையும் போகும். சொல்லாவிட்டால் செல்லக்கனி வீட்டில் அடுப்பு எரியாது.

கடைசி பெஞ்சைப் பார்த்துவிடக் கூடாது என்று அவர் தரையையே பார்த்தார். தன்மேலேயே அவருக்கு ஆத்திரமாக வந்தது.

"சொல்ல மாட்டீக. சரி, நான் பாத்துக்கிடுதேன்." காளிராஜ் வாசலுக்குத் திரும்பினார்.

"ரோஜா எடுக்கல."

கடைசி பெஞ்சில் ஹர்ஷினி எழுந்து நின்றிருந்தாள். அந்தக் குரலை வகுப்பில் பலர் கேட்பதே அன்றுதான். நேராக முன்னால் நடந்து வந்தாள். குரல் நடுங்கவில்லை.

"நாந்தான் எடுத்தேன். இந்தா, இந்தப் போன்லதான்." காளிராஜின் சட்டைப் பையைக் காட்டினாள்.

காளிராஜின் கை சட்டைப் பையைப் பொத்தியது.

அருணாதேவிக்கு ஒன்றும் புரியவில்லை. "இவர் போன் உன் கைக்கு எப்படிம்மா வந்துச்சு?"

ஹர்ஷினி ஒருமுறை ரோஜாவைப் பார்த்தாள். பிறகு வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, அழுத்தம் திருத்தமாகச் சொன்னாள்:

"ஹி இஸ் மை ஃபாதர்."