காற்று மேற்கே

எங்கள் ஊர்த் தீயணைப்புக் குழுவில் சேர ஒரே தகுதி, வீட்டில் தீப்பிடித்திருக்க வேண்டும். அணைத்த மறுநாள் அந்த வீட்டிலிருந்து ஒருவர், தன் பெயர் எழுதிய வாளியைக் கொண்டுவந்து கொட்டகை ஆணியில் மாட்டுவார். வீடு முழுதும் எரிந்துபோன பிறகும் வாளியோடு வந்தவர் தணிகாசலம் மட்டும்தான். வாளி கைமாறும் வரிசையில் எப்போதும் தலைவர் கொளஞ்சிக்கு அடுத்த ஆளாக நிற்பார்.

பக்கத்து ஊருக்கு அரசுத் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. குழுவைக் கலைக்கும் நாளில், கொளஞ்சி தன் கையால் எழுதிய பதிவேட்டை முதலிலிருந்து வாசித்தார்.

"சுருக்கமாப் படிண்ணே, டீ ஆறுது" என்றான் ஒருவன்.

"இரண்டு கூரை வீடுகள். காற்று மேற்கே அடித்ததால் மேற்கு வீட்டுக்கு முதலில் தண்ணீர். கிழக்கு வீடு..." கொளஞ்சி நிறுத்திவிட்டார். மேற்கு வீடு அவர் தங்கையுடையது. கிழக்கு வீடு தணிகாசலத்துடையது.

தணிகாசலம் ஆணியிலிருந்து தன் வாளியைக் கழற்றிக்கொண்டிருந்தார். "படிங்கண்ணே. அன்னிக்கு ஒரு இலைகூட அசையல. எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா இருபத்தேழு வருஷம் என் பக்கத்துல நின்ன?"

"அடுத்த தடவை எந்தப் பக்கம் திரும்புறீங்கன்னு பார்க்க வேணாமா?"

"பார்த்தியா?"

"அப்புறம் ரெண்டு வீடு ஒண்ணா எரியவே இல்லையேண்ணே."

கொளஞ்சி பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி பேனா கேட்டார். எங்களில் யாரிடமும் இல்லை.